மரப்பட்டை மூடாக்கு நம்ம டெல்டா வீட்டுக்கு ஒத்துவருமா?

திருவாரூர் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். புது வீடு கட்டிக் குடிவந்திருக்கிறார்கள். வீட்டைச் சுற்றி 3 சென்ட் இடம். வாசலில் செம்பருத்தி, நந்தியாவட்டை, குரோட்டன்ஸ். கொல்லையில் இரண்டு தென்னை, ஒரு மாங்கன்று, எலுமிச்சை, பப்பாளி, முருங்கை. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், "இங்கே எல்லா வீட்டிலும் செடிக்கு அடியில் மரப்பட்டைத் துண்டைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், பார்க்க அவ்வளவு அழகு, ஆன்லைனில் மூட்டையாகவே கிடைக்கிறது, வாங்கிப் போடு" என்கிறாராம். அம்மா, பாம்பு அடையும் வேண்டாம் என்கிறார். வீடு கட்டிய கொத்தனார், கரையான் ஏறும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மூன்று பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. மண்ணை மூடி வைப்பது, அதாவது மூடாக்கு, அவசியம், அதில் அண்ணன் சொல்வது சரி. ஆனால் காசு கொடுத்து வாங்கும் மரப்பட்டையை வாசல் பாத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொல்லைக்குத் தேங்காய் மட்டையும் சருகும் போதும். எதைப் போட்டாலும் தை முடிவில் போட்டு, புரட்டாசியில் விலக்கிவிடுங்கள். இந்த மாதக் கணக்கைத்தான் வெளிநாட்டு வீடியோக்களில் சொல்ல மாட்டார்கள். நம் ஊரில் எல்லாமே அதில்தான் இருக்கிறது.

முதலில் பட்டையைப் பற்றி. அண்ணன் பார்ப்பது பெரும்பாலும் பைன் மாதிரியான ஊசியிலை மரங்களின் பட்டை. அங்கே மரம் அறுக்கும் ஆலைகளில் கட்டையை அறுப்பதற்கு முன்னால் உரித்துப் போடும் கழிவு அது. அந்த ஊரில் அது பக்கத்திலேயே மலையாய்க் குவிந்து கிடப்பதால்தான் தோட்டத்துக்கு வந்தது. மரத்துக்குக் கவசமாக இருப்பது பட்டை. மரத்துக்கு உறுதி தரும் லிக்னினும் மெழுகுத்தன்மை கொண்ட சூபரினும் அதில் நிறைய உண்டு. அதனால் மரத்தூளையோ வைக்கோலையோ போலச் சீக்கிரம் மட்காது. குளிர் நாட்டில் இன்னும் மெதுவாகத்தான் மட்கும். நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அங்கே சொல்லும் ஆயுளை எதிர்பார்க்கக் கூடாது. பைன் நம் பக்கத்து மரமும் இல்லை, கொடைக்கானல், ஊட்டி மாதிரி மலையில் வைத்து வளர்த்தது. உங்கள் வீட்டுக்கு வரும் மூட்டை எங்கிருந்தோ லாரியில் பயணம் செய்து வருகிறது.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 50 லிட்டர் மூட்டை ஒன்றை 2 அங்குல உயரத்துக்குப் பரப்பினால் ஒரு சதுர மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 11 சதுர அடிதான் மூடும். ஒரு சென்ட் முழுக்க மூட 40 மூட்டை வேண்டும். அண்ணனிடம் விலையைக் கேட்டு 40-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஒரு தடவை போட்டால் முடிகிற வேலையும் இல்லை, மட்க மட்க மேலே சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, மண்ணை ஏன் மூட வேண்டும்? திருவாரூர், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கம் உள்ள பழைய டெல்டா மண் பெரும்பாலும் களி. தை வரைக்கும் கொழகொழவென்று இருக்கும், சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பில் மெல்லிய வேர்கள் அறுந்துபோகும். அந்த இடுக்கு வழியாகவே ஆழத்து ஈரமும் ஆவியாகிவிடும். மேலே இரண்டு அங்குலம் ஏதாவது மூடியிருந்தால் வெடிப்பு வெகுவாகக் குறையும். மண்புழு மேலே வரும், மேல்மண் பொலபொலப்பாகும். சித்திரை மத்தியானத்தில் வெறும் தரையில் காலை வைக்க முடியாது. அதே நேரத்தில் மூடாக்கை விலக்கி விரலை மண்ணில் வைத்துப் பாருங்கள், ஈரமாகக் குளிர்ந்திருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. வெயிலில் மண் ஈரம் மேலே இழுபட்டு ஆவியாகும்போதுதான் உப்பு மேல்மண்ணில் படிகிறது. மூடி வைத்தால் ஆவியாவது குறையும், உப்பு ஏறுவதும் குறையும். அங்கே மணல்பாங்கான இடமாக இருந்தால் 4 அங்குலம்கூடப் போடலாம். களிமண்ணில் 2 அங்குலம், மிஞ்சினால் 3. அதற்கு மேல் போட்டால் கெடுதல்தான்.

இது ஒன்றும் நமக்குப் புதிதல்ல. திருக்காட்டுப்பள்ளி பக்கத்து இளங்காட்டில் பிறந்த இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் வலியுறுத்திய விஷயங்களில் மூடாக்கும் ஒன்று. வயலுக்கு என்று கேட்டுக்கொண்ட நாம் வீட்டு வாசலில் மட்டும் வேப்பஞ்சருகைக் கூட்டி எரித்துக்கொண்டிருக்கிறோம். வேம்பும் புங்கனும் மாசி, பங்குனியில்தான் இலை கொட்டுகின்றன. கோடைக்குச் சரியாக முன்னால் மரமே போர்வையைத் தயார் செய்து கொடுக்கிறது. அதற்குத் தீ வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

இப்போது அம்மா சொன்னதற்கு வருகிறேன். அம்மா சொல்வதைத் தட்டவே கூடாது. சுற்றிலும் வயல் இருக்கும் ஊர் நம்முடையது. கண்ணாடி விரியன் சருகுக்குள் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும், வீட்டுக்குள்ளும் வரும். ஆனால் பாம்பு பட்டையைத் தேடி வருவதில்லை, எலியையும் தவளையையும் தேடித்தான் வருகிறது. எலி தங்க முடியாதபடி வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மெல்லிய பரப்பில் எலி வளை வைக்காது, குவியலில் வைக்கும். அதனால் எங்கேயும் குவித்து வைக்காதீர்கள். வாசற்படி, திண்ணை, பின்கட்டுக் கதவு, குழாயடி, நடக்கும் வழி இவற்றிலிருந்து 3 அடிக்கு மூடாக்கே வேண்டாம், பெருக்கிய வெறும் தரையாக இருக்கட்டும். நெல்மணி ஒட்டியிருக்கும் வைக்கோலை வீட்டை ஒட்டிப் போடாதீர்கள், எலிக்கு அதைவிட நல்ல அழைப்பு இல்லை. மூடாக்கைக் கிளற வேண்டுமென்றால் கையை விடாமல் களைக்கொத்தோ குச்சியோ வைத்துக் கிளறுங்கள். பொழுது சாய்ந்த பிறகு அந்தப் பக்கம் போனால் டார்ச் கட்டாயம். இவ்வளவுக்குப் பிறகும் அம்மாவுக்குப் பயம் இருந்தால் வீட்டை ஒட்டிய பாத்திகளை விட்டுவிட்டுக் கொல்லை மரங்களுக்கு மட்டும் போடுங்கள். அங்கேதான் பயனும் அதிகம்.

கொத்தனார் சொன்னது பாதி சரி. கரையான் நம் மண்ணில் எப்போதும் இருப்பதுதான், மூட்டையில் வருவதில்லை. ஆனால் சுவரை ஒட்டி ஈரமான பட்டையோ மட்டையோ கிடந்தால் அது மறைவாக நடமாட வழி கிடைத்துவிடும். சுவரில் ஏறும் மண் தடம் உங்கள் கண்ணில் படாது, நிலைக்கதவு அரித்த பிறகுதான் தெரியும். அதனால் சுவருக்கும் மூடாக்குக்கும் நடுவில் ஓர் அடி இடைவெளி. மூடாக்கின் மேல்மட்டம் வீட்டுத் தளமட்டத்துக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அந்த ஓரடிச் சந்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். இன்னொன்று, பட்டையிலிருந்தும் மட்டையிலிருந்தும் மழையில் பழுப்புச் சாயம் இறங்கும். வெள்ளை டைல்ஸ், புது சிமென்ட் தரை பக்கத்தில் இருந்தால் கறை படியும்.

கொல்லைக்குத் தேங்காய் மட்டை என்றேன் அல்லவா, அதை விரிவாகச் சொல்கிறேன். பைன் பட்டை அங்கே செய்யும் வேலையை இங்கே உரிமட்டை செய்யும். லிக்னின் நிறைந்தது, மெதுவாக மட்கும், தண்ணீரைப் பிடித்து வைக்கும், சாம்பல் சத்தும் உண்டு. தென்னைக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையே இருக்கிறது: மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர், அதாவது 6 அடி ஆரத்துக்கு, 100 மட்டைகளைக் குவிந்த முதுகுப்பக்கம் மேலே இருக்கும்படி பரப்ப வேண்டும். முதுகு மேலே என்பது முக்கியம். குழிவு மேலே இருந்தால் ஒவ்வொரு மட்டையும் தண்ணீர்க் கிண்ணம் ஆகிவிடும், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதில்தான் முட்டையிடும். மண்ணுக்குள் வட்டமாகப் பள்ளம் எடுத்துப் புதைக்கும்போது மட்டும் குழிவை மேலே வைப்பார்கள், மழைத் தண்ணீரைப் பிடித்துவைக்க. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மாங்கன்று, எலுமிச்சை, செம்பருத்திக்கு முழு மட்டை வேண்டாம். அரிவாளால் இரண்டு அங்குலத் துண்டாக வெட்டி, பழைய தொட்டியில் இரண்டு நாள் ஊறவைத்து, பழுப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னொரு தடவை ஊறவையுங்கள். மட்டையில் இருக்கும் உப்பு அதில் குறையும். கடலோரத்தில் ஏற்கெனவே உப்புத் தண்ணீர் ஊற்றுபவர்கள் இதை விடவே கூடாது. ஊறிய துண்டு கனமாக இருப்பதால் பரப்பியதும் மண்ணோடு படிந்து உட்காரும், கோழி சீய்த்தாலும் அவ்வளவு சுலபத்தில் கலையாது. இளநீர்க் கடையில் கிடைக்கும் பச்சை மட்டையை அப்படியே போடாதீர்கள், ஈ மொய்க்கும். பிளந்து நன்றாகக் காயவைத்த பிறகு வெட்டுங்கள்.

கயிறு ஆலைகளில் கிடைக்கும் நார்க்கழிவு வேறு விஷயம். பச்சையாக அதைக் கொட்டினால் சொதசொதவென்று தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, களிமண்ணுக்குக் காற்றே போகாதபடி அடைத்துவிடும். அதை யூரியாவும் சிப்பிக்காளான் விதையும் சேர்த்து மட்கவைத்து உரமாக்குவார்கள். அப்படி மட்கியதை வாங்கினால் மூடாக்குக்கு அடியில் போட நல்ல பொருள்.

தென்னை வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயங்களை மறக்கவே கூடாது. முதலாவது காண்டாமிருக வண்டு. எருக்குழி, மரத்தூள் குவியல், மட்கும் தென்னந்தண்டு, இங்கெல்லாம்தான் அது முட்டையிடுகிறது. கொல்லை மூலையில் ஒரு வருஷமாகக் கிடக்கும் குப்பைக் குவியலை அடிவரைக்கும் கிளறிப் பாருங்கள். பெருவிரல் பருமனில், வெள்ளை உடம்பும் பழுப்புத் தலையுமாக, அரைவட்டமாகச் சுருண்ட புழு உருண்டு வரும். அது வண்டாகித் தென்னங்குருத்தைத் துளைக்கும். பிறகு விரியும் ஓலைகளில் வரிசையாக முக்கோண வெட்டு தெரியும். 2018 நவம்பரில் கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்ததே, அந்தத் தண்டுகளைக் கிடந்த இடத்திலேயே மட்கவிடக் கூடாது என்பதற்கு இந்த வண்டும் ஒரு காரணம். இரண்டு அங்குலப் பரப்பில் இந்தப் புழு வளராது, மீதி மூட்டைகளைத் தென்னைக்குப் பின்னால் குவித்து வைத்தால் வளரும். மிச்சமிருந்தால் அன்றைக்கே பரப்பிவிடுங்கள். புழு கண்டால் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சை என்று வேளாண் கடைகளில் கேளுங்கள், குவியலில் தெளிப்பதற்கு.

இரண்டாவது தஞ்சாவூர் வாடல் நோய். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைப் பகுதியில் தென்பட்டு நம் ஊர்ப் பெயரையே வாங்கிக்கொண்ட நோய். கானோடெர்மா என்ற பூஞ்சை வேரையும் அடித்தண்டையும் அழுகவைக்கும், அடிமரத்தில் செம்பழுப்புச் சாறு வடியும். அப்படிச் செத்த மரத்தின் தண்டு, வேர், பட்டை எதையும் சிதைத்து வேறு தென்னைக்கு மூடாக்காகப் போடக் கூடாது. யாராவது இலவசமாகத் தென்னந்தூள் தருகிறேன் என்றால், எந்த மரம், எதனால் வெட்டினார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எதைப் போட்டாலும் மரத்தின் தூரில் ஒட்டாமல் போட வேண்டும். தூரைச் சுற்றி ஒரு சாண் வெறும் மண். படங்களில் மரத்தைச் சுற்றிக் குன்று மாதிரி குவித்திருப்பார்கள், அது மரத்துக்குக் கேடு. தூர்ப் பட்டை எப்போதும் ஈரத்தில் இருக்கப் படைக்கப்பட்டது அல்ல. அடைமழைக்குப் பிறகு அப்படிக் குவித்த எலுமிச்சையில் மூடாக்கை விலக்கிப் பார்த்தால் தெரியும்: பட்டை கறுத்து, நகத்தால் சுரண்டினால் சோப்பு மாதிரி வழுக்கி உரியும். கொஞ்சம் மேலே தேன் நிறத்தில் பிசின் துளித்துளியாக நிற்கும். பப்பாளிக்கு இன்னும் மோசம், தூர் அழுகினால் காயோடு சாய்ந்துவிடும்.

இதனால்தான் மாதக் கணக்கு முக்கியம் என்றேன். நம் பக்கம் வருஷ மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. தட்டையான பூமி, தண்ணீர் வடிய நேரமாகும். அந்த நேரத்தில் களிமண்மேல் கனத்த மூடாக்கு இருந்தால் வேருக்கு மூச்சு முட்டும். பட்டைத் துண்டுகளோ மிதந்து தெரு வாய்க்காலில் போய் அடைத்துக்கொள்ளும். புரட்டாசி கடைசியில் மூடாக்கை தூரிலிருந்து நன்றாக வெளியே இழுத்து, பாத்தி ஓரத்தில் மெல்லிசாகப் பரப்பிவிடுங்கள். பப்பாளி, முருங்கை, எலுமிச்சைக்கு முழுவதுமாக எடுத்துவிடுவது நல்லது. மழை நாளில் மூடாக்கில் காளான் முளைக்கும், சில நேரம் மஞ்சளாக நுரை பொங்கியதுபோல ஒன்று படரும். செடிக்குக் கெடுதல் இல்லை, கொத்திவிட்டால் போய்விடும். காளானைச் சமைத்து மட்டும் பார்க்காதீர்கள். நத்தை தங்கினால் காலையில் பொறுக்கிவிடுங்கள்.

தை அறுப்பு முடிந்து மண் கொஞ்சம் இறுகத் தொடங்கும்போது களையை எடுத்து, மேலாகக் கொத்தி, ஒரு கூடை மட்கிய சாணம் தூவி, நன்றாகத் தண்ணீர் காட்டி, அடுத்த நாள் மூடாக்கைப் போடுங்கள். காய்ந்த மண்ணை மூடினால் காய்ந்தே இருக்கும். புது மனை என்பதால் நிரவ அடித்த மண்ணில் செங்கல் சில்லு, சிமென்ட் கட்டி இருந்தால் அதற்கு முன்னாலேயே பொறுக்கிவிடுங்கள். அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரிக்காதீர்கள். தண்ணீரை மூடாக்கின் மேலே தெளித்தால் பட்டைதான் குடிக்கும், ஹோஸை அடியில் விட்டு நிதானமாக ஊற்றுங்கள். ஆடிக் காற்றுக்குச் சருகு பறக்கும், மேலே இரண்டு தென்னங்கீற்றைப் போட்டு வையுங்கள்.

களை முழுக்கப் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விதையிலிருந்து முளைக்கும் களைகள் குறையும். பார்த்தீனியம் வெகுவாக அடங்கும். ஆனால் கோரை அடங்காது. கிழங்கிலிருந்து ஊசியாகக் கிளம்பி எதையும் துளைத்துக்கொண்டு வரும். அருகம்புல்லும் அப்படித்தான். இரண்டையும் கிழங்கோடும் வேரோடும் தோண்டி எடுத்த பிறகே மூட வேண்டும்.

பட்டை தழைச்சத்தை (நைட்ரஜனை) தின்றுவிடும், செடி மஞ்சளாகும் என்றும் சொல்வார்கள். மண்ணோடு கலந்து கொத்தினால் அது உண்மை, மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். மேலே பரப்பி வைத்தால் மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும்தான் அது நடக்கும், வேர் ஆழமாக ஊன்றிய மரம் செடிகளைப் பாதிக்காது. மரத்தூளையும் பட்டையையும் கொத்திப் புரட்டாமல் இருந்தாலே போதும். கீரைப் பாத்திக்கு இரண்டுமே வேண்டாம்.

பட்டைதான் வேண்டும், ஆனால் மலிவாக வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. கந்தர்வக்கோட்டை, புதுக்கோட்டை பக்கம் தைலமரம் வெட்டும் இடங்களில் காகித ஆலைக்குக் கட்டையை அனுப்புவதற்கு முன் பட்டையை அங்கேயே உரித்துப் போடுகிறார்கள். நீள நீளமாக இருக்கும், நறுக்க வேண்டும். புதுசாகப் போட்டால் அதிலுள்ள சில பொருட்கள் இளஞ்செடியைத் தடுக்கும். மழையில் நனைந்து சில மாதம் கிடந்த பட்டையாக எடுத்து, நடைபாதை ஓரத்துக்கும் வளர்ந்த மரங்களுக்கும் பயன்படுத்துங்கள்.

அண்ணனுக்காக வாசல் பாத்திக்கு மூட்டை வாங்குவதாக இருந்தால் சாயம் போட்ட சிவப்பு, கறுப்புத் துண்டுகளை வாங்காதீர்கள். அது பல நேரம் பட்டையே இல்லை, பழைய பலகையை நொறுக்கிச் சாயம் ஏற்றியது. இயற்கை நிறத்தில், ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத துண்டாகக் கேளுங்கள், பொடி அதிகம் இருந்தால் சீக்கிரம் மட்கிவிடும். மூட்டையைப் பிரித்ததும் முகர்ந்து பாருங்கள். நல்ல பட்டையில் மர வாசனை அடிக்கும். புளித்த காடி நெடி வந்தால் காற்றில்லாமல் புழுங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியே போட்டால் செம்பருத்தியின் இலை கருகும். நிழலில் மெல்லிசாகப் பரப்பி நெடி போகும்வரை ஆறவிடுங்கள். பாத்தியைச் சுற்றி ஒரு வரிசைச் செங்கலை நிறுத்தி நட்டுவிடுங்கள், துண்டுக்கு மேலே இரண்டு விரல்கடை உயரம் இருந்தால் சாதாரண மழைக்கு வெளியே போகாது. ஐந்து மூட்டை வாங்கினால் 55 சதுர அடி வாசல் பாத்திக்குச் சரியாக இருக்கும்.